பனை ஓலையில் வீட்டுப் பொருள் வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொட்டிக் கூடை, மூடிப் பெட்டி, தட்டு, விளக்குக் கூடு, துணிக் கூடை என்று இன்றைய வீட்டுக்கு வேண்டியதைப் பனை ஓலையில் செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. வடிவமைப்பு படிப்பவர்களும், சிறு தொழிலாக இதைத் தொடங்குகிறவர்களும், முடைகிறவர்களிடம் பொருள் செய்து வாங்குகிறவர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். ஓலை மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் மாறும். அதனால் இங்குள்ள அளவுகளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஓலையை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் படம் வரைவதா, ஓலையைப் பார்ப்பதா?

ஓலையைத்தான். மரமோ தகரமோ என்றால் வேண்டிய அளவில் வெட்டலாம், ஒட்டலாம், வளைக்கலாம். ஓலை அதன் நீளத்தையும் அகலத்தையும் மரத்திலேயே முடிவு செய்துவிட்டு வருகிறது. 35 செ.மீ. சதுரத்தில் 25 செ.மீ. உயரப் பெட்டி ஒன்றைக் கணினியில் அழகாக வரைந்துவிட்டு முடைகிறவரிடம் கொண்டுபோனால், வாருக்கு வார் (ஓலையிலிருந்து ஒரே அகலமாக, நீளவாக்கில் கிழித்தெடுத்த துண்டுதான் வார்) ஒட்டுப்போட்டுத்தான் அதைச் செய்ய முடியும். ஒட்டு கூடக் கூடப் பெட்டி தடிக்கும், கோணும், கூலியும் ஏறும்.

ஐந்தாறு ஓலைகளை விரித்துப் பாருங்கள். விசிறி போல விரியும் ஓலையின் ஒவ்வொரு மடலும் ஒரு விரல். ஓலையின் நடுவில் உள்ள விரல்கள், ஓர விரல்கள் இரண்டிலும் வார் எடுத்துப் பாருங்கள். நடு நரம்பான ஈர்க்கை நீக்கிய பிறகு ஒரே அகலமாக எவ்வளவு நீளம் தேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓலையின் விரல் அடியிலும் நுனியிலும் குறுகி நடுவில் அகன்றிருக்கும். 1 செ.மீ. அகல வார் என்றால் நல்ல ஓலையில் 60 முதல் 70 செ.மீ. வரை எதிர்பார்க்கலாம். 2 செ.மீ. அகலம் கேட்டால் நீளம் சட்டென்று குறைந்துவிடும். இந்த ஓர் எண்ணிலிருந்துதான் பொருளின் அளவு பிறக்கிறது.

குருத்தோலை, சாரோலை, காவோலை: எதை எதற்கு எடுப்பது?

விரியாத இளம் ஓலை குருத்து. வெளிர்மஞ்சளாக, மெல்லியதாக, நன்றாக மடியும். சாயம் சீராகப் பிடிப்பதும் இதில்தான். வெளிப்பக்கம் தெரியும் பகுதி, நுண்ணிய முடைச்சல், விளக்குக் கூடு எல்லாவற்றுக்கும் குருத்து ஏற்றது.

விரிந்து முற்றத் தொடங்கிய சாரோலை பச்சையாக இருக்கும், காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பாகும். குருத்தைவிடத் தடிப்பு, உழைப்பும் கூட. கடகம், சுளகு, அன்றாடம் அடிபடும் கூடைகளுக்கும், உள்ளும் வெளியுமாக இரண்டு அடுக்கு ஓலையில் முடையும் இரட்டை முடைச்சலின் உட்பக்கத்துக்கும் இது போதும். உள்ளே சாரோலை, வெளியே குருத்து என்று சேர்ப்பது பழைய வழக்கம். விலை கூடிய குருத்தில் பாதி மிஞ்சும்.

மரத்திலேயே காய்ந்து தொங்கும் காவோலை வேலிக்கும் எரிக்கவும்தான் ஆகும். மடித்தால் ஒடிந்துவிடும்.

ஓலையை மட்டும் பார்த்து மற்றதை எறிந்துவிட வேண்டாம். விரலின் நடு நரம்பான ஈர்க்கு விளிம்புக்கு உள்ளீடாகும். மட்டையை ஊறவைத்துக் கிழித்தால் வரும் நார் கட்டுவதற்கும் கைப்பிடிக்கும் உதவும். மட்டையின் இரு ஓரத்திலும் உள்ள கருக்கு ரம்பம் போல அறுக்கும். அதை முதலில் சீவி எடுத்துவிட்டுப் பிறகு கைவையுங்கள்.

ஒரு பெட்டிக்கு எத்தனை வார், எவ்வளவு நீளம் என்று எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு முறை உண்டு. கணக்கும் வேறு வேறு.

வார்கள் பெட்டியின் பக்கத்துக்கு இணையாக ஓடுவது நேர் முடைச்சல். அடி 20 செ.மீ. சதுரம், உயரம் 10 செ.மீ., வார் அகலம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஓடும் ஒவ்வொரு வாரும் அடியைக் கடந்து இரு பக்கமும் ஏறி, வாயில் மடிந்து செருக வேண்டும். 20 + 10 + 10, மடிக்க ஒரு முனைக்கு 5 வீதம் 10, ஆக 50 செ.மீ. குறுக்கும் நெடுக்குமாக 20 + 20 = 40 வார். இதோடு வேலை முடியவில்லை. சுவரைச் சுற்றிக் கிடையாக ஓட 10 வார் வேண்டும், ஒவ்வொன்றும் 80 செ.மீ. சுற்றளவு. ஒரே ஓலையில் அவ்வளவு நீளம் வராது. இரண்டு வாரை 4 அல்லது 5 கட்டம் மேற்படியவிட்டு ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுகளை ஒரே மூலையில் அடுக்கக் கூடாது. வரிசைக்கு வரிசை வேறு பக்கத்தில் வரட்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் புடைத்து, பெட்டி நேராக உட்காராது.

குறுக்கு முடைச்சலில் வார்கள் 45 பாகையில் சாய்ந்து ஓடும். அடியில் ஓடிய வாரே சாய்வாகச் சுவரில் ஏறிவிடுவதால் தனிக் கிடை வார் வேண்டாம், ஒட்டும் குறைவு. நம் ஊர் ஓலைப் பெட்டிகளில் பலவும் இப்படி முடையப்படுவதற்கு இது நல்ல காரணம். வார் நீளத்துக்கான சூத்திரம்: அடிப் பக்கத்தோடு உயரத்தின் இரு மடங்கைக் கூட்டி 1.41 ஆல் பெருக்கி, மடிக்க 10 செ.மீ. சேர்க்க வேண்டும். அதே 20க்கு 10 பெட்டிக்கு 40 × 1.41 + 10, ஏறக்குறைய 67 செ.மீ. இது அடியின் மூலைவிட்டத்தில் ஓடும் நீண்ட வாருக்குத்தான். மூலைப் பக்கம் போகப் போக அடியைக் கடக்கும் தூரம் குறையும், ஓர விரல்களில் எடுத்த குட்டை வார்களை அங்கே போடலாம். எண்ணிக்கை: 20 × 1.41, திசைக்கு 28 வார், மொத்தம் 56.

கையில் 61 செ.மீ. வார்தான் இருக்கிறது என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மடிப்பு 10 போக 51. அதை 1.41 ஆல் வகுத்தால் 36. அடி 16, உயரம் 10 என்றோ, அடி 20, உயரம் 8 என்றோ பிரித்துக்கொள்ளலாம். ஒட்டே இல்லாத பெட்டி வேண்டுமானால் இந்த எல்லைக்குள் வரையுங்கள்.

குறுக்கு முடைச்சலில் திசைக்கு இரட்டைப்படை எண்ணிக்கை வையுங்கள். பாயாக முடைந்த சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மூலை திரும்புகிறது. 28 என்றால் 14, 14 ஆகச் சரியாகப் பிரியும். 27 என்றால் ஒரு மூலை அரைக் கட்டம் தள்ளிப்போய், மேலே வரவர வாய் சாய்ந்துவிடும்.

துணிக் கூடை போலப் பெரிய பொருள் செய்ய என்ன வழி?

ஒட்டுப்போட்டு உயர்த்தலாம், ஆனால் 30 செ.மீ. உயரத்துக்கு மேல் வெறும் ஓலைச் சுவர் தன் கனத்திலேயே குழையும். இரட்டை முடைச்சலோடு, நான்கு மூலையிலும் மட்டைச் சிம்பு அல்லது மூங்கில் சிம்பை உள்ளும் வெளியுமாக இரு ஓலை அடுக்குக்கு இடையே செருகினால் நிற்கும். இன்னொரு வழி, உயரத்தை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று அமரும் இரண்டு குட்டைக் கூடைகளாகப் பிரிப்பது. எங்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். அழுக்குத் துணி ஒன்றில், மடிக்க வேண்டிய துணி ஒன்றில் என்று வீட்டுக்கும் வசதி, ஓலையையும் அதன் இயல்புக்கு மீறி இழுக்கவில்லை.

ஈர்க்கைச் சுற்றிச் சுருள்சுருளாகச் செய்யும் தட்டுகளுக்கு இந்த எல்லை உண்டா?

நீளத்தில் எல்லை இல்லை. ஈர்க்குக் கட்டு முடிய முடிய அடுத்த ஈர்க்கைச் செருகிக்கொண்டே போகலாம். எல்லை வேறு இடத்தில் இருக்கிறது: நேரம்.

25 செ.மீ. விட்டமுள்ள தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குக் கட்டின் தடிமன் 8 மி.மீ. என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை ஏறக்குறைய 16 சுற்று. சுருளை நீட்டிப் பிடித்தால் மொத்த நீளம் 6.1 மீட்டர் வரும் (தட்டின் பரப்பு 491 சதுர செ.மீ., அதை 0.8 ஆல் வகுத்தால் போதும்). 5 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் 1,200 தையலுக்கு மேல். கட்டை 12 மி.மீ. ஆக்கினால் நீளம் 4.1 மீட்டருக்கு இறங்கும், தையல் 820 அளவில் நிற்கும். வெறும் 4 மி.மீ. தடிமன், மூன்றில் ஒரு பங்கு வேலையைக் குறைத்துவிடுகிறது. விலை அதிகம் என்று தையலை 5லிருந்து 8 மி.மீ. ஆக விலக்கச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஈர்க்கு வெளியே தெரியும், தட்டு ஒரு மாதத்தில் அலை அலையாக வளையும். கட்டைத் தடியாக்குங்கள், தையலை நெருக்கமாகவே விடுங்கள்.

தொடக்கச் சுற்றுதான் கடினம். காய்ந்த ஈர்க்கு 2 செ.மீ. வட்டத்துக்குள் வளையாமல் ஒடியும். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஈர்க்குக்குப் பதில் ஓலை வார்களையே முறுக்கி உள்ளீடாக வைத்து, பிறகு ஈர்க்கைச் சேர்த்துக்கொண்டே போனால் நடுவில் ஓட்டை விழாது. தட்டு குழிந்துகொண்டே வருகிறதா? தையலை அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள், அல்லது புதுச் சுற்றை முந்தைய சுற்றின் மேலே ஏற்றிப் பிடிக்கிறீர்கள். மேசைமேல் வைத்துக்கொண்டு தைத்தால் தட்டையாக வரும்.

பழைய பொருள்களிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? நிறத்தையா, வடிவத்தையா?

அது எப்படி வேலை செய்கிறது என்பதை. நிறமும் கோலமும் பிறகு வரட்டும்.

யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைப் பாருங்கள். பனை ஓலையில் இழைத்த கூம்பு அது. பானை வாயில் கூம்பின் முனையைக் கீழாக இறக்கினால், வாய் எவ்வளவு அகலமோ அந்த மட்டத்தில் தானே சிக்கி நிற்கும். அதனால் ஒரே பெட்டி வெவ்வேறு பானைகளுக்குப் பொருந்துகிறது. முனை தண்ணீரைத் தொடாத உயரத்தில் நிற்க, இழைச்சலின் இடைவெளி வழியே ஆவி மாவுக்குள் ஏறுகிறது. ஈரம் பட்டு ஓலை உப்புவதால் இடைவெளி சிறுத்து மாவு கொட்டாமல் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் நீத்துப்பெட்டி வடிவில் சுவர் அலங்காரம் செய்யலாம். ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கூம்பு எந்த வாயிலும் பொருந்தும் என்பது. வெவ்வேறு அளவுக் கண்ணாடிக் குவளைகளில் இறங்கி நிற்கும் வடிகட்டிக் கூடு, எந்த விளக்குத் தாங்கியிலும் அமரும் கூடு என்று அது பல இடங்களுக்குப் போகும்.

பதநீர் குடிக்கும் பட்டை வேறொரு பாடம். அதில் முடைச்சலே இல்லை. ஓலை இயல்பிலேயே விசிறி மடிப்பாக வளர்கிறது. அந்த மடிப்புகளைக் கூட்டிக் குவித்து முனையைக் கட்டினால் படகு போன்ற பாத்திரம் ஆகிவிடும். ஓலையின் மேற்பரப்பு எங்கும் அறுபடாததால் ஒழுகாது. முடைந்த எதுவும் ஒழுகும், மடித்தது ஒழுகாது. தண்ணீர் தாங்க வேண்டிய பொருளுக்கு முடைச்சலை நாடி, பிறகு உள்ளே பிளாஸ்டிக் பூசுகிறவர்கள் இந்தப் பட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக் கூடை புவிசார் குறியீடு பெற்ற பொருள். நகரத்தார் வீட்டுத் திருமணங்களிலும் சடங்குகளிலும் சீர்ப் பொருள் வைக்கப் பல அளவுகளில் முடைவார்கள். அதன் வண்ணக் கட்டங்கள் உடனே கண்ணைக் கவரும். ஆனால் அளவு அளவாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி செய்துவைத்துக்கொள்ளும் முறைதான் இன்றைய சிறிய வீடுகளுக்குப் பெரிய வரம். இருபது கொட்டான் ஒரு கொட்டானின் இடத்தில் அடங்கும்.

1958இல் சார்லஸ் இம்ஸ், ரே இம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர்கள் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அதுவே வழிகாட்டியாக அமைந்தது. அதில் அவர்கள் நம் சொம்பை எடுத்துக்கொண்டு கேள்விகளாக அடுக்கினார்கள்: எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தலையில் தூக்குவார்களா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் கனம் எங்கே நிற்கிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, என்ன விலை ஆகும். எந்தப் பழைய பொருளையும் அப்படி விசாரித்துவிட்டு, கிடைக்கும் விடைகளை மட்டும் புதிய பொருளுக்குக் கொண்டுபோங்கள்.

கோலம், மாங்காய், மயில் போன்றவற்றை முடைச்சலிலேயே கொண்டுவர முடியுமா?

முடைச்சல் என்பது சதுரக் கட்டங்களின் பரப்பு. கட்டத் தாளில் வரைய முடிவதெல்லாம் முடையவும் முடியும். கட்டம், வைரம், படிக்கட்டு, மின்னல் கோடு, கோயில் கோபுரம் போல அடுக்கடுக்காகக் குறுகும் முக்கோணம் எல்லாம் இயல்பாக வரும். மாங்காயின் வளைவும், சிக்குக் கோலத்தின் சுழிப்பும் 1 செ.மீ. வாரில் வெறும் படிக்கட்டாகத் தெரியும். வாரை 3 மி.மீ. ஆக்கி வளைவைக் காட்டலாம், ஆனால் பரப்புக்குப் பரப்பு கட்டங்கள் பதினொரு மடங்கு ஆகிவிடும். எனவே புள்ளிக் கோலத்தில் நேர்கோட்டால் ஆனவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

வடிவம் காட்ட ஒரு வாரைப் பல வார்களின் மேலே நீட்டி ஓடவிடுவார்கள். இதற்கு வரம்பு மூன்று கட்டம். நான்கு ஐந்து கட்டம் பிடிப்பில்லாமல் ஓடினால் விரலிலும் வளையலிலும் மாட்டிக் கிளம்பிவிடும். அன்றாடம் கைபடும் அடிப்பகுதியிலும் விளிம்பருகிலும் ஒன்று விட்டு ஒன்று எடுக்கும் சாதா முடைச்சலே இருக்கட்டும், வடிவத்தைச் சுவரின் நடுவில் வையுங்கள்.

ஓலைமேல் கோலத்தை அச்சடிப்பது எங்களுக்கு உடன்பாடில்லாத வேலை. மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் மையும் நிற்காது.

சாயம் போடும் அளவு என்ன? ஏன் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது?

100 கிராம் காய்ந்த வாருக்கு 3 லிட்டர் தண்ணீர், 2 முதல் 3 கிராம் சாயப்பொடி. பொடியை முதலில் ஒரு குவளை வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடித்துப் பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். கரையாத பொடிதான் பாதித் திட்டுகளுக்குக் காரணம். வாரைத் தளர்வாகக் கட்டி, சாயத்தில் போடுவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் நனைத்துவையுங்கள். காய்ந்த ஓலையை நேரே போட்டால் வெளிச் சுற்று கடுமையாகவும் உள்சுற்று வெளிறியும் வரும். கொதிநிலையில் 20 முதல் 30 நிமிடம், இடையிடையே புரட்டிவிட வேண்டும். எடுத்ததும் தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். குருத்தையும் சாரோலையையும் ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள், ஒரே நிறம் வராது. சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இயற்கைச் சாயம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். மஞ்சள் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் சில வாரங்களில் போய்விடும். சன்னலோரம் வைக்கும் பொருளுக்கு அதை விற்பது சரியில்லை. கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, இரும்புத்துரு கரைந்த நீரில் முக்கினால் வரும் சாம்பல், கறுப்பு நன்றாக நிற்கும். இரும்பு நீரில் நெடுநேரம் விட்டால் ஓலை நாளடைவில் நொறுங்கும் என்பதால், நிறம் வந்ததும் எடுத்து அலசிவிடுங்கள். நிறமே போடாத குருத்தும், பச்சை வற்றிய சாரோலையும், பழுப்பு நாரும் சேர்ந்தாலே மூன்று நிறம் இருக்கிறது.

முடைந்தபோது இறுக்கமாக இருந்தது, ஒரு வாரத்தில் தளர்ந்துவிட்டது. ஏன்?

ஈரம் மிகுந்த ஓலையில் முடைந்திருக்கிறீர்கள். ஈர ஓலை உப்பியிருக்கும், காய்ந்ததும் அகலத்தில் சுருங்கும். ஒரு வார் அரை மி.மீ. சுருங்கினாலும் 20 வாருக்கு 1 செ.மீ. இடைவெளி விழுந்துவிடும்.

பறித்த ஓலையை முதலில் இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும். பிறகுதான் வார் எடுப்பது. முடைவதற்கு முந்தைய இரவு தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் காலையில் ஒடியாமல் மடியும் பதத்துக்கு வந்திருக்கும். தொட்டியில் ஊறப்போட வேண்டாம். மடித்துப் பார்க்கும்போது வெடிப்பு விழாமலும், விரலில் ஈரம் ஒட்டாமலும் இருந்தால் அதுதான் பதம். காற்று உலர்ந்த நண்பகலைவிட அதிகாலையில் ஓலை நன்றாக இணங்கும்.

அப்படியும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். அதனால் வாய் கட்டுவதற்கு முன் பெட்டியை ஒரு நாள் நிழலில் விட்டு, அடியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒவ்வொரு வாராக நகர்த்தி இறுக்கிவிட்டு, பிறகு விளிம்பு கட்டுங்கள். அவசரத்தில் இந்த ஒரு நாளை விழுங்குகிறவர்களின் பெட்டிதான் கடையில் ஆடுகிறது.

மூடி ஒன்று இறுகிப்போகிறது, இல்லையென்றால் கழன்று விழுகிறது. சரியாகப் பொருத்துவது எப்படி?

மூடிக்கும் உடலுக்கும் வார் எண்ணிக்கையை ஒன்றாகவே வைத்து, மூடியின் வார் அகலத்தை மட்டும் கூட்டுங்கள். உடலுக்கு 10 மி.மீ. வார் 20 என்றால் அடி 20 செ.மீ. மூடிக்கு 10.5 மி.மீ. வார் 20 போட்டால் 21 செ.மீ. சுவரின் தடிப்புப் போகப் பக்கத்துக்கு 3 அல்லது 4 மி.மீ. இடம் கிடைக்கும். ஒரு வாரைக் கூடுதலாகச் சேர்த்தும் அளவைக் கூட்டலாம், ஆனால் மேலும் கீழும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேராது, வடிவம் போட்ட பெட்டியில் அது உறுத்தும்.

அரை மி.மீ. துல்லியத்துக்குக் கத்தியையும் கண்ணையும் நம்ப வேண்டாம். ஒரு மரக்கட்டையில் 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளேடு, இன்னொரு கட்டையில் 10.5 மி.மீ. இடைவெளியில் இரண்டு என்று நிலையாகப் பொருத்தி, ஓலையை அதன்மேல் இழுத்து வார்ந்துகொள்ளுங்கள்.

மூடி மேலே கவிழும் பெட்டியாக இருந்தால் உடலின் வாயில் நார் சுற்றிய தடித்த விளிம்பு கூடாது. வார் முனைகளை உட்பக்கம் மடித்து மூன்று கட்டம் கீழே செருகினால் போதும். பலம் தரும் விளிம்பை மூடிக்குக் கட்டுங்கள்.

கைப்பிடி பிய்ந்து வருகிறது.

கைப்பிடியை விளிம்பில் மட்டும் தைத்திருப்பீர்கள். ஓலைச் சுவர் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்காது. ஒரு பக்கக் கைப்பிடியில் தொடங்கும் நார், சுவர் வழியே இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கம் ஏறி அடுத்த கைப்பிடியாக வர வேண்டும். சந்தைப் பைக்கு இப்படி இரண்டு நார் ஓட்டம், அடியில் ஒன்றையொன்று வெட்டும்படி ஒரு குறுக்கோட்டம். அப்போது கனத்தைத் தாங்குவது நார், ஓலை பொருளைச் சிந்தாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. மண்ணும் நெல்லும் சுமந்த கடகங்களில் ஓலையோடு நார் சேர்த்துப் பலப்படுத்தியது இதற்காகத்தான்.

விளக்குக் கூடு செய்தால் தீப்பிடிக்குமா?

ஓலை எரியும் பொருள்தான். அதை மறந்துவிட்டு எதையும் வரையக் கூடாது. 5 முதல் 7 வாட் எல்.இ.டி. பல்பு மட்டும், பல்புக்கும் ஓலைக்கும் எல்லாத் திசையிலும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி, மேலே சூடு வெளியேறத் திறப்பு. பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். பல்பின் கனமும் தாங்கியின் சூடும் ஓலையில் இறங்காதபடி தாங்கியைக் கம்பிச் சட்டத்தில் தனியாகத் தொங்கவிட்டு, ஓலைக் கூட்டைச் சட்டத்தின் மேல் போர்த்துங்கள்.

குருத்தில் ஒற்றை முடைச்சல் போட்டால் வெளிச்சம் தேன் நிறமாக ஓலை வழியே கசியும். இரட்டை முடைச்சல் போட்டால் வெளிச்சம் இடுக்குகளில் மட்டும் தெரியும். எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தால் ஓலைத் தேர்வும் தீர்ந்துவிடும்.

சாப்பாட்டுப் பொருள் வைக்கலாமா?

சாயமும் பூச்சும் இல்லாத ஓலையில் வைக்கலாம். கருப்பட்டியும் மிட்டாயும் ஓலைப் பெட்டியில் வந்தவைதான். கார்த்திகைக்குத் தென் மாவட்டங்களில் குருத்தோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டைக்கு ஓலையின் வாசமே சுவை. சாயம் போட்ட ஓலையில் சூடான இட்லியோ ஈரமான பழமோ நேராகப் படக் கூடாது. நிறத்தை வெளி அடுக்கில் வைத்து, உள் அடுக்கை வெறும் ஓலையாக விடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் கறை விடும், அது போகாது. ஒரு துணி விரிப்போடு சேர்த்தே வடிவமைத்துவிடுங்கள்.

பூஞ்சையும் பூச்சியும் வராமல் இருக்க? வார்னிஷ் அடிக்கலாமா?

முழுதாகக் காயாத பொருளை பாலித்தீன் பையில் கட்டுவதுதான் பூஞ்சைக்கு முதல் காரணம். இரட்டை முடைச்சலின் இடையில் ஈரம் தங்கியிருப்பது கைக்குத் தெரியாது. இளவெயிலில் இரண்டு நாள் வைத்து, துணிப் பையிலோ காகிதத்திலோ கட்டி அனுப்புங்கள். மழைக்காலத்தில் அலமாரிக்குள் மூடிவைக்காமல் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். சாம்பல் நிறப் பூஞ்சை படிந்துவிட்டால் உலர்ந்த தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டி, வெயில் காட்டினால் பெரும்பாலும் சரியாகும். பூச்சி மாவு மாவாகக் கொட்டினால் அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

வார்னிஷ் வேண்டாம். ஓலை காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும், பூச்சு அசையாது. மடிப்புகளில் வெடித்து உதிரும், உள்ளே போன ஈரமும் வெளியே வராது. பிறகு பழுதுபார்க்க ஒரு வாரைக்கூட உருவ முடியாது.

குருத்தை வெட்டினால் மரம் செத்துவிடாதா?

பனைக்கு வளரும் முனை ஒன்றுதான். அதைச் சிதைத்தால் மரம் போய்விடும். ஆனால் வெளிவந்த குருத்தோலையை முனை காயப்படாமல் அறுப்பது வேறு. மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விடுகிறது. ஒரே மரத்தில் ஆண்டுக்கு ஓரிரு குருத்துக்கு மேல் எடுக்காமல் மரம் மாற்றி மாற்றி அறுப்பதே முறை. கைக்கெட்டும் வடலிகளில் (இளம் பனைகளில்) இது எளிது, அதனாலேயே வடலிகள் மொட்டையாவதும் உண்டு. ஓலை வாங்கும்போது எத்தனை மரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. இலங்கையில் 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இயங்குகிறது.

முடைகிறவரிடம் வடிவத்தை எப்படிச் சொல்வது?

கணினிப் படத்தை நீட்டாதீர்கள். வார் அகலம், திசைக்கு எத்தனை வார், நேரா குறுக்கா, ஒற்றையா இரட்டையா, விளிம்பு எப்படி என்ற ஐந்தையும் சொன்னால் பொருள் அவர் மனத்தில் உருவாகிவிடும். உள்ளளவா வெளியளவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதில்தான் அதிகத் தகராறு வருகிறது. கையால் முடைந்ததில் 20 செ.மீ.க்கு அரை செ.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும். அதை ஏற்காத பொருளாக, எடுத்துக்காட்டாக ஒரு கண்ணாடிப் புட்டியை இறுக்கமாகச் சுற்றும் உறையாக, வடிவமைத்துவிட்டு முடைகிறவரைக் குறை சொல்லக் கூடாது.

முதல் மாதிரியை அவர் எதிரிலேயே உட்கார்ந்து செய்வித்து, வார் எடுக்க, அடி போட, சுவர் ஏற்ற, வாய் கட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே குறியுங்கள். வாய் கட்டுவதற்கே முடைச்சலுக்கு நிகரான நேரம் போவதைப் பார்ப்பீர்கள். கூலியை அந்த முழு நேரத்துக்கும், ஓலை காயவைத்துப் பதப்படுத்தும் வேலைக்கும் சேர்த்துப் பேசுங்கள். மாதிரிக்கு ஆன நாளுக்கும் தனிக் கூலி உண்டு. அவர் ஓர் அளவை மாற்றச் சொன்னால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த மாதிரியை அந்த அளவில் போடச் சொல்லுங்கள்.